ஒரே ஒரு திருகு

பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மிஷினில் சீனியம்மாள் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அவள் நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லைன் சூப்பர்வைசர் கதிர்வேல்தான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

“ஏனுங்க மேடம், டெஸ்ட் முடிய இன்னும் எத்தனை பீஸுங்க?”

“அஞ்சுதானுங்க. கொஞ்சம் நில்லுங்க,” என்றாள் எச்.ஆர். தேவிப்பிரியா. அவள் கையில் இருந்த தாளின் தலையில் கதிர்வேலின் பெயரும் டோக்கன் நம்பரும் இருந்தன. பழக்கிவிட்டவன் பேரையும் எழுதுவார்கள் போல என்று அவன் விட்டுவிட்டான்.

அவன் கவலை வேறு. பெருமாநல்லூரில் புது யூனிட் வருகிறது. அதன் இன்சார்ஜ் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு அவன் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், “செக்கிங்ல இருக்கற சீனியம்மாளுக்கு ஒரு மாசத்துல ஓவர்லாக் பழக்கிக் குடுங்க” என்று எச்.ஆரிலிருந்து உத்தரவு வந்தது. அவளோ பன்னிரண்டு வருஷ சர்வீஸ்காரி. தையலும் வந்துவிட்டால் இன்சார்ஜ் நாற்காலி யாருக்கு? வயிறு எரியாதா பின்னே!

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பழக்கினான். நூல் கோக்க, ஊசி மாற்ற, ஓரம் பிசகாமல் ஓட்ட, எல்லாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“ஏய்யா தம்பி, லைக்ரா மாதிரி இழுவைத் துணி வந்தா மிஷின்ல எதையும் மாத்தணுமா?” என்று தன் விருதுநகர்ப் பேச்சில் அவளே இரண்டு முறை கேட்டாள்.

“ஒண்ணும் வேண்டாங்கக்கா. அப்படியே ஓட்டுங்க.”

லைக்ராவுக்கு, நூலை இறுக்கிப் பிடிக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் துணியை இழுத்ததும் தையல் அறுந்துவிடும். அது அவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

இன்றைக்குத் தேவிப்பிரியா எடுத்து வைத்ததும் லைக்ராதான். திருகுப் பக்கம் போன சீனியம்மாளின் கை தயங்கியது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

கடைசி பீஸும் வந்தது. தேவிப்பிரியா அதை இரண்டு கையாலும் இழுத்தாள். படக்! இன்னொன்றை எடுத்தாள். அதுவும் படக்!

சீனியம்மாளுக்கு முகம் செத்துப்போனது. “தம்பி சொல்லிக்கொடுத்தபடிதாம்மா தச்சேன்.”

“தெரியுங்கக்கா. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

அவள் போன பிறகுதான் கதிர்வேலுக்கு மூச்சே வந்தது. “பாவமுங்க மேடம். நானும் எவ்வளவோ பாத்தனுங்க, அவங்களுக்கு ஏறவே இல்லீங்க. இந்த டெஸ்ட்ல ஃபெயில்னா மறுபடியும் செக்கிங்தானுங்களே?”

தேவிப்பிரியா சிவப்புப் பேனாவால் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

“இன்சார்ஜ் வேலைக்கு மனுப் போட்டது நீங்க ஒருத்தர்தானுங்க. டெஸ்ட்டும் உங்களுக்குத்தானுங்க வெச்சது.”