நானூறு செய்மதிப் படங்கள்

தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியின் நானூறு செய்மதிப் படங்களையும் வேறு கோப்பு வகைக்கு மாற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். சாருஜாவுக்கு வந்த வேலை அது.

"ஒவ்வொண்டாய்த் திறந்துதான் மாத்த வேணுமோ?" என்று திங்கட்கிழமை காலை அவள் கேட்டபோது, பக்கத்து மேசைச் சிவகரன் கூசாமல் பொய் சொன்னான்.

"ஓம், வேறை வழியில்லை. நானும் வந்து உதவி செய்யிறன்."

ஆர் என்ற நிரல்மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப்பை நாலு வரியில் எழுதிவிட்டால், கணினியே ஐந்து நிமிடத்தில் அத்தனையையும் மாற்றிவிடும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்க என்ன சாட்டுச் சொல்வது?

நாலு நாளாக இருவரும் படம் படமாகத் திறந்து மாற்றினார்கள். இடையிடையே வடை தின்றார்கள், நிறையக் கதைத்தார்கள். வெள்ளிக்கிழமை மனச்சாட்சி தாங்காமல் உண்மையைச் சொல்ல வாயெடுத்தான் சிவகரன்.

அந்த நேரம் பார்த்து மேலதிகாரி தியாகராசா வந்தார்.

"சாருஜா, நீர் லூப் எழுதித் திங்கட்கிழமையே அனுப்பின நானூறு படமும் திறமாம். கொழும்பிலையிருந்து இப்பதான் கதைச்சவை."

அவர் போய்விட்டார். சிவகரன் சாருஜாவைத் திரும்பிப் பார்த்தான்.

காதுமடல் சிவக்க, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சாருஜா சொன்னாள்:

"என்ன பாக்கிறியள்? அடுத்த படத்தைத் திறவுங்கோ."