தேவயானி சைக்கிள்

பிலோமினாள் செய்தது திருட்டுத்தான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

செத்துப்போன பெண்ணின் சைக்கிளை, அவள் அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, விடிகாலை ஐந்து மணிக்குச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போனாள்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கணியம்பாடி பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஜவ்வாது மலைக்கு வந்த குடும்பம். ஜமுனாமரத்தூரில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை. ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். முதல் பஸ்ஸோ ஏழு மணிக்கு. இத்தனை நாள் புருஷன் ஏசுராஜ் வண்டியில் கொண்டுபோய் விட்டான். ஓடு மாற்றக் கூரையில் ஏறியவன் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அவள் மூன்று நாள் நடந்தாள். மூன்று நாளும் லேட்.

"இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டே வாங்கியிருக்கலாம். ஆனால் மங்கம்மாளிடம் யார் போய்க் கேட்பது? மகள் தேவயானி மஞ்சள்காமாலையில் போய் ஒன்றரை வருஷம். அந்த சைக்கிளை விலைக்குக் கேட்டு வந்த இரண்டு பேரை அரிவாளைத் தூக்கிக்கொண்டு விரட்டியவள் மங்கம்மாள். அதன்பிறகு ஊரில் யாரோடும் பேச்சு வார்த்தை இல்லை. சாமை கதிர் பிடித்ததிலிருந்து, காட்டுப்பன்றிக்குக் காவலாக மேட்டுக்கொல்லைப் பரணிலேயே தங்கிவிட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. சைக்கிள் பின்பக்கச் சாய்ப்பில் சாக்குக்கு அடியில் நின்றது.

மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் பிலோமினாள் அதை இருந்த இடத்திலேயே நிறுத்தி, சாக்கைப் போர்த்திவிட்டு வந்தாள். நான்கு நாள் இப்படியே ஓடியது. செயின் காய்ந்துபோய்க் கறகறவென்றது.

ஐந்தாம் நாள் சத்தமே இல்லை.

விரலால் தொட்டுப் பார்த்தாள். புது எண்ணெய்.

"நீயே போட்டுட்டு மறந்திருப்ப" என்றான் ஏசுராஜ்.

"நான் எண்ணெயே வாங்கலீங்க."

அடுத்த வாரம் இறக்கத்தில் முள் குத்தி முன்சக்கரம் பஞ்சர். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்து, அப்படியே நிறுத்திவிட்டாள். மறுநாள் விடிகாலை, நடந்துதான் போக வேண்டியிருக்கும், எதற்கும் பார்த்துவிடலாம் என்று சாய்ப்புக்குள் போய் டயரை அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது. பஞ்சர் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியது.

திரும்பிப் பார்த்தாள். பனிமூட்டம்தான். கதவில் பூட்டு தொங்கியது.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி மிதித்தாள். வேலை போய்விடக் கூடாதே.

அன்றைக்குச் சாயங்காலம் ஏசுராஜிடம் சொன்னாள். அவன் உடைந்த காலை நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"இந்த ஊர்ல சைக்கிள் கடையே கெடையாது பிலோ. அந்தப் பொண்ணு தானே வூட்ல பஞ்சர் ஒட்டிக்கும். டியூபைக் குண்டான் தண்ணியில முக்கி, எங்க முட்டை வுடுதுன்னு குனிஞ்சி பாத்துக்கினு இருக்கும். நானே பாத்திருக்கேன்."

"பயமுறுத்தாதீங்க."

"உள்ளதைத்தான் சொல்றேன்."

தேவயானி உயரமான பெண். பிலோமினாள் குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கால் கட்டைவிரல்தான் தரையைத் தொடும். ஒரு நாள் ஏறி உட்கார்ந்தவளுக்கு இரண்டு பாதமும் நன்றாகத் தரையில் பதிந்தன.

யாரோ அவள் உயரத்துக்குச் சீட்டை இறக்கி, நட்டை முடுக்கியிருந்தார்கள்.

வழியெல்லாம் பின்னால் கேரியரில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் தூக்கம் வரவில்லை. வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முன்னாலேயே போய்விட்டாள். சாய்ப்பில் சாக்கு தரையில் கிடந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது.

பின்சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிலோமினாள் வந்த வழியே ஓடினாள். அன்றைக்கு நடந்தேதான் வேலைக்குப் போனாள். போனதும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த ஒரு தடவை விடுகிறோம், நாளையும் லேட்டானால் வரவே வேண்டாம் என்றார்கள்.

மத்தியானம் திரும்பும்போது பாதை முனையில் மங்கம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னா, இன்னிக்கு சைக்கிள் எடுக்கலியா?"

பிலோமினாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, தப்புதான். திருடணும்னு இல்லக்கா. அவருக்குக் கால் ஒடைஞ்சி..."

"தெரியும். காத்தால நீ சீக்கிரம் வந்துட்ட. பிரேக் கட்டை தேஞ்சி கெடந்தது, மாத்திட்டு சக்கரத்தைச் சுத்திப் பாத்துக்கினு இருந்தேன். உன் காலடி கேட்டுச்சி. சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"ஒங்களுக்கு இந்த வேலை எல்லாம் தெரியுமாக்கா?"

"எங்க தெரியும். அவ செய்யறப்போ பக்கத்துல உக்காந்து பாத்ததுதான். அந்த ஒரு பஞ்சரை மூணு தபா ஒட்டினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா கூச்சப்பட்டுக்கினு நிறுத்தியிருப்ப."

மங்கம்மாள் முந்தானையால் விரலில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தாள். கறை போகவில்லை.

"மொத நாளு பரண் மேல உக்காந்திருந்தேன். கீழ சைக்கிள் வர்ற சத்தம் கேட்டுச்சி. எனக்குப் புத்தி பெரண்டுடுச்சின்னு நெனச்சேன். எறங்கி வந்து பாத்தா டயர்ல ஈர மண்ணு."

"மன்னிச்சிடுங்கக்கா. இனிமே தொட மாட்டேன்."

"தொடு. வெலைக்குக் கேட்டவனுங்க எல்லாம் அதை எங்கிட்ட இருந்து கொண்டுபோக வந்தவனுங்க. நீ ஒருத்திதான் தெனம் வூட்டுக்குக் கூட்டிக்கினு வர்ற."