வந்து சேராத தவணை

மாதம் தவறாமல் கடன் கட்டுகிறவன் மேல் எப்படிக் கடன் வழக்கு வரும்? லெனாட்டுக்கு இதுதான் விளங்கவில்லை. சொப்பிங் பையைத் திறந்து, வங்கியில் அச்சடித்து வாங்கிய தாள்களை மறுபடியும் அடுக்கினான். ஒரு மாதமும் விடுபடவில்லை.

பாடசாலை மண்டபத்தில் மத்தியஸ்த சபை கூடியிருந்தது. சிறிய கடன் என்றால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் இங்கே வரவேண்டும். இங்கே நீதவானும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் தாங்களே வந்து ஒரே மேசையில் இருந்து கதைக்க வேண்டும், அவ்வளவுதான். இணங்கினால் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இணங்காவிட்டால் சபை ஒரு சான்றிதழ் தரும். அதோடு விசயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

லெனாட் பயந்தது அந்தச் சான்றிதழுக்குத்தான். வழக்கென்று அலைந்தால் கடலுக்குப் போவது யார்? கடன்பட்டு வாங்கிய வள்ளத்து எஞ்சினை விற்றுத்தான் சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டி வரும்.

அந்த எஞ்சினுக்குக் காசு தந்த செபநாயகம் வந்தார். குருநகரில் ஒரு காலத்தில் சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்தவர். வெள்ளைச் சேட்டு பளிச்சென்றிருந்தது. கொலர் மட்டும் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடந்தது. எதிரே கதிரைகள் காலியாக இருக்க, லெனாட்டுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"சாப்பிட்டியே?"

வழக்கும் போட்டுவிட்டுச் சாப்பாடும் விசாரிக்கிறார். லெனாட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மத்தியஸ்தர் குணலட்சுமி, ஓய்வுபெற்ற ஆசிரியை, தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஐயா, சித்திரைக்குப் பிறகு இவர் காசு தரேல்லை எண்டு முறைப்பாடு குடுத்திருக்கிறியள். ஆனால் மாசாமாசம் உங்கடை கணக்குக்குப் போயிருக்கே?"

"அது பாங்குக்குப் போனது, பிள்ளை. எனக்குக் கடைசியாத் தந்தது சித்திரையிலைதான். அண்டைக்குக் கணவாய்க் கறியும் கொண்டந்தவன். விறாந்தை பல்ப்பும் மாத்தித் தந்தவன். இப்ப அதும் எரியிறேல்லை."

"பல்ப் வழக்கிலை இல்லை, ஐயா."

மனிதருக்கு மறதி வந்துவிட்டதோ என்று லெனாட் யோசித்தான். ஆனால் மறதிக்காரருக்குக் கணவாய்க் கறி மட்டும் எப்படி நினைவிருக்கும்?

"அண்ணை, மகள் லவீனாதான் போனிலை ஒழுங்கு செய்து தந்தவள்," என்றான் பொறுமையாக. "முதலாந் திகதி வந்தால், நான் படுத்துக் கிடந்தாலும் என்ரை கணக்கிலையிருந்து உங்கடை கணக்குக்குத் தன்பாட்டிலை போகும். உங்களுக்கும் கரைச்சல் இல்லையெண்டு..."

"நான் உன்னட்டைக் கரைச்சல் எண்டு எப்ப சொன்னனான்?"

"அப்ப வட்டி போடப் பாக்கிறியளோ? அதைச் சொல்லுங்கோ."

"சீ! உன்னட்டை வட்டி வாங்குவனே?"

லெனாட்டுக்குக் கோபம் வந்தது. "சரி. மனுசியின்ரை சங்கிலியை அடைவு வைக்கிறன். மிச்சம் முழுக்கத் திங்கட்கிழமையே கட்டிறன். கணக்கை முடிப்பம்!"

செபநாயகத்தின் முகம் வெளிறியது. "ஐயோ, முடிக்க வேண்டாம்."

குணலட்சுமி பேனையை மேசையில் வைத்தார். "முழுக்கத் தந்தாலும் வேண்டாம், தவணையாத் தந்தாலும் வரேல்லை எண்டுறியள். இப்பிடியே போனால் நான் சான்றிதழ்தான் எழுதவேணும். கனடாவிலை இருக்கிற உங்கடை பிள்ளையளோடை ஒருக்காக் கதைச்சிட்டு வாறியளோ?"

"அவையளும் பாங்குக்குத்தான் போடுகினம்."

சொல்லிவிட்டு அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் யாரோ வேலிச் சண்டைக்கு உரத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

குணலட்சுமி மறுபடியும் பேனையை எடுத்தார். இந்த முறை குரல் தணிந்திருந்தது. "அப்ப என்ன செய்தால் உங்களுக்குச் சரி, ஐயா? நீங்களே சொல்லுங்கோ. அப்பிடியே எழுதிறன்."

செபநாயகம் லெனாட்டின் பக்கம் திரும்பினார்.

"பாங்கிலை போடாதை. முந்தி மாதிரி நீயே வீட்டை கொண்டந்து தா. இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."