சத்தமில்லாத பேய்ப் படம்

"இதெல்லாம் ஒரு பேய்ப் படமா?" தியேட்டர் படியிறங்கும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். சினிமாவுக்குச் சத்தம் சேர்த்தே தலை நரைத்த மனுஷன், சும்மா விடுவாரா?

"கதவு திறக்குது, கிரீச்சுன்னு ஒரு சத்தம் வேணாமா? குழாய் சொட்டுது, அதுவும் ஊமை. கேட்டா, அமைதியா பயமுறுத்துற புது பாணிம்பானுங்க. சுத்த சோம்பேறித்தனம்!"

"எனக்கென்னவோ குலையே நடுங்கிடுச்சுங்க" என்றாள் மனைவி, அவர் பக்கம் திரும்பி, கொஞ்சம் உரக்கவே.

"நீ பல்லிக்கே பயப்படுறவ! நாளைக்கு நான் சவுண்ட் மிக்ஸிங்குக்கு உட்காரப்போற படத்தைப் பாரு. ஊசி விழுந்தாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும்."

பின்னால் வந்த கல்லூரிப் பெண் தோழியிடம் சொன்னாள்: "அந்தக் கதவு கிரீச்சுன்னதுமே காதைப் பொத்திக்கிட்டேன்டி. குழாய் சொட்டுற சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்கு."

மனைவி பதறிப்போய்க் கணவரைப் பார்த்தாள். அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

அவள் கைப்பையில் கிடந்த அவருடைய போன் அலறியது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் திரும்பவில்லை. அவள் அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அழைப்பது நாளைய படத்தின் டைரக்டர்.

"சைலண்ட்ல போட்டு வெச்சிருந்தியா?" என்றார்.

அவள் கையில் போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றாள்.