குறுக்கே ஒரு செருப்பு

மரகதவல்லிக்கு நடுக்குவாதம். நிலைப்படி வந்தால் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கணவர் தணிகாசலம் தன் பாதத்தைக் குறுக்கே நீட்டுவார். அதைத் தாண்டுவதற்கென்றால் மட்டும் கால் எழும். அவர் போய்ச்சேர்ந்த பிறகு, அந்த இடத்தில் அவருடைய செருப்பைப் போட்டுவைத்திருக்கிறாள்.

இடுப்பில் கட்டியிருந்த கருவி அவள் அசைவுகளையெல்லாம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த டாக்டர் போனில் கேட்டார்: “வாசல்ல இப்ப நல்லாத் தாண்டுறீங்கம்மா. ஆனா தாண்டினதும் ஒவ்வொரு தடவையும் குனியுறீங்களே, தலை சுத்துதா?”

“அவரத் தாண்டிட்டு, தொட்டுக் கும்பிடாமப் போக மனசு வருமா?”

“ஓ, சார் பக்கத்துலதான் இருக்காரா? கொஞ்சம் போனை அவர்கிட்ட குடுங்க.”

மரகதவல்லி போனைச் செருப்பின் அருகில் வைத்துவிட்டு, பேசி முடியட்டும் என்று ஓரமாக நின்றாள்.