ஜெபசெல்வி சிவப்பு

“கையை எடு ஜெபா! நீ சிவப்பு!”

லாரி டிரைவரின் தொடையில் ரத்தம் பீறிட்ட இடத்தை அழுத்திப் பிடித்திருந்த நர்ஸ் ஜெபசெல்வி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவசரப் பிரிவின் சுவர்த் திரையில் எல்லா நர்ஸ் பெயர்களும் பச்சை. அவள் பெயர் மட்டும் சிவப்பு. நர்ஸுகளின் மணிக்கட்டுப் பட்டை மனசின் பதற்றத்தை அளந்து திரைக்கு அனுப்பிவிடும். சிவப்பு விழுந்தால் அந்த நிமிஷமே வீட்டுக்கு. அப்படிப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

குரல் கொடுத்த இன்சார்ஜ் கோமளம் சிஸ்டர் ஓடிவந்து காயத்தைத் தானே அழுத்திக்கொண்டார்.

“பத்து நாளா சாமியார் மாதிரி பச்சையிலேயே இருந்தியே, என்னடி ஆச்சு?”

ஜெபசெல்வி தினமும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவது யாருக்கும் தெரியாது.

கோமளம் குரலைத் தாழ்த்தினார். “பட்டை ரிப்பேர்னு சொல்லிடு. நானும் ஆமான்னு சொல்றேன். வேலை தப்பிச்சுடும்.”

ஜெபசெல்வி ஒரு கணம் தயங்கினாள். பிறகு மூலைக் கட்டிலை நோக்கி ஓடினாள். ஐ.சி.யூ.வில் இடமில்லாமல், வாயில் குழாயோடு பத்து நாளாக நினைவின்றிக் கிடந்தார் ஒரு பெரியவர்.

“டாக்டர், ஓடி வாங்க! இவருக்கு நினைவு வந்துடுச்சு. அசைய முடியாம பயந்து துடிக்கிறார்!”

“கண்ணே திறக்கலியே. உனக்கெப்படித் தெரியும்?” என்று கத்தினார் கோமளம்.

ஜெபசெல்வி போர்வையை விலக்கினாள். பெரியவரின் மணிக்கட்டில் அவளுடைய பட்டை சிவப்பாக மின்னியது.

“இத்தனை நாளும் பச்சையா இருந்தது இவர்தான், சிஸ்டர்.”