ஐசி முகம்

வந்ததிலிருந்து படக்காரன் விக்னேஸ்வரன் காஞ்சனாவை விட்டு நகரவே இல்லை.

குணசுந்தரிக்கு வயிறு எரிந்தது. மெர்போக் கோயில் திருவிழாவில் பாட வந்த இசைக்குழுவுக்கு மண்டபத்தின் பின்னறையை ஒதுக்கியிருந்தார்கள். தீபாவளி நிகழ்ச்சிகளுக்குப் புது போஸ்டர் வேண்டும், மேக்கப் போடும்போதே இயல்பாகப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார் குழுத்தலைவர் மெய்யப்பன்.

அந்த போஸ்டரில் வருடக்கணக்காக நடுவில் இருப்பது குணசுந்தரி. கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, தூங்காமல் ஓடி வந்து பாடிச் சம்பாதித்த இடம். ஒரே குறை, கேமராவைக் கண்டால் அவள் முகம் விறைத்துவிடும். ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு எடுத்த படம் போல இருக்கிறதென்று குழுவில் அவளுக்கு 'ஐசி அக்கா' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

காஞ்சனாவோ நேற்று முளைத்த காளான். ஜன்னலோரம் ஒரு பெரிய கைக்கண்ணாடியைப் பிடித்தபடி மை தீட்டிக்கொண்டிருந்தாள். அதைத் தன் முகத்துக்கு நேராகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. கண்ணாடியில் பட்டுத் தெறித்த மாலை வெயில் குணசுந்தரியின் கன்னத்தில் வந்து விழுந்து எரிச்சலைக் கூட்டியது. விக்னேஸ்வரன் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே கேமராவை நீட்டிக்கொண்டிருந்தான்.

இனி நடு இடம் யாருக்கு என்று கேட்கவா வேண்டும்?

குணசுந்தரி எழுந்து வெளியே போனாள். மெய்யப்பன் ஸ்பீக்கர் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காஞ்சனாவுக்குத் தொண்டை சரியில்ல. ஒத்திகையிலயே கவனிச்சேன். தனிப்பாட்டு வேணாம்லா. சின்னப் பொண்ணு, மேடையில அசிங்கப்பட்டா பாவம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் மூத்த பாடகி சொன்னால் மெய்யப்பன் மறுப்பாரா? குணசுந்தரி தன் இடத்தில் வந்து உட்கார்ந்து பவுடரைத் தொடுவதற்குள், அவர் வாசலில் வந்து நின்றார்.

"காஞ்சனா, இன்னிக்கு உனக்குத் தனிப்பாட்டு இல்லம்மா. கோரஸ் மட்டும் பாடு."

"சரிண்ணே" என்றாள் அவள். காரணம்கூடக் கேட்கவில்லை. தலை கவிழ்ந்தது. கையிலிருந்த கண்ணாடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

குணசுந்தரிக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. விக்னேஸ்வரன் படபடவென்று படமாக எடுத்துத் தள்ளினான். அழுகிற முகத்தையும் விட மாட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் ஒத்திகைக்குப் போனபோது புது போஸ்டர் சுவரில் ஒட்டியிருந்தது.

நடுவில் குணசுந்தரி. கண்ணாடிக்குள் தெரிகிற முகம், அதில் அப்படி ஒரு சிரிப்பு. ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் நாலு விரல்கள். ஐசி அக்காவா இது என்று ஆளாளுக்கு வியந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

காஞ்சனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எல்லாரும் உங்களைக் கிண்டல் பண்றது எனக்கு மனசு கேக்கல. கேமரா உங்க பக்கம் திரும்பினாத்தானே முகம் இறுகுது? அதான் என்னை எடுக்கிற மாதிரி எடுங்கண்ணே, நான் கண்ணாடியில அக்காவைக் காட்டுறேன்னு படக்கார அண்ணன்கிட்ட சொன்னேன். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் தெரியுமா? நீங்க ஒரே ஒரு தடவைதான் சிரிச்சீங்க."

குணசுந்தரி போஸ்டரின் ஓரத்தில் இருந்த அந்த நாலு விரல்களைப் பார்த்தாள். காஞ்சனா தொடர்ந்தாள்.

"என் பாட்டு இல்லைன்னு அண்ணன் வந்து சொன்னாரே, அப்பதான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சுக்கா. கை ஆடினா உங்க சிரிப்பு கெட்டுடுமேன்னு அசையாம பிடிச்சிருந்தேன்."